சைகை மொழி உரைபெயர்ப்புப் பழகிய நாட்கள்: திருகோணமலையிலிருந்து சில அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து ஓர் உரைபெயர்ப்பாளர்:

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, "எத்தனை சைகை தெரிந்தால் வேலைக்குப் போகலாம் அக்கா?" என்றுதான். அதற்குப் பதிலாக, நான் பழகிய காலத்தில் பார்த்த ஒன்றை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். உரைபெயர்க்கப் போன இடத்தில் கேட்டதை வெளியே விடக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. அனுபவம் எழுதுகிறோம் என்பதற்காக அது தளர்ந்துவிடாது.

ஒரு வைத்தியசாலையின் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக். காது கேளாத இளம் பெண் ஒருவர் மாமியாருடன் வந்திருந்தார். மூத்த உரைபெயர்ப்பாளரான ஓர் அக்காவுடன் பார்த்துப் பழகுவதற்காக நானும் போயிருந்தேன். இலக்கம் வரும்வரை அக்கா சும்மா இருக்கவில்லை. வாங்கில் அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து, எந்த ஊர், எங்கே படித்தீர்கள், கணவருக்கு என்ன தொழில் என்று கதைத்துக்கொண்டிருந்தார். பார்ப்பவர்களுக்கு ஊர்க்கதை, அக்காவுக்கு அதுதான் ஆயத்தம். எங்கள் மாவட்டத்தில் இதைத் தவறவிடவே முடியாது. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் யாழ்ப்பாணம் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவரின் சைகை ஒரு விதம். கந்தளாய்ப் பக்கம் சிங்களச் சூழலில் வளர்ந்தவரின் சைகை இன்னொரு விதம். பாடசாலை வாசலையே மிதிக்காதவர்கள் வீட்டாரோடு சேர்ந்து தாங்களே உண்டாக்கிக்கொண்ட சைகைகள் வேறு. எதிரில் இருப்பவரின் கை எந்த வழக்கில் பேசுகிறது என்பதை உள்ளே போகும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

உள்ளே போனதும் அக்கா செய்த முதல் வேலை கதிரையை மாற்றியது. அவருக்குக் காட்டிய இடம் யன்னலுக்கு முன்னால் இருந்தது. வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வந்தால் முகமும் கையும் இருண்டுவிடும். வைத்தியருக்குப் பக்கத்தில், சற்றே பின்தள்ளி உட்கார்ந்தார். வைத்தியரின் முகத்தையும் அக்காவின் கைகளையும் அந்தப் பெண் தலை திருப்பாமல் பார்க்கலாம். பிறகு வைத்தியரிடம், "நீங்கள் அவரைப் பார்த்தே பேசுங்கள் டொக்டர். இங்கே பேசப்படுவது எல்லாவற்றையும் நான் இரண்டு பக்கமும் சொல்வேன்" என்றார். ஒரு வாக்கியம்தான். ஆனால் அன்று நடந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது.

வைத்தியர் பழக்கதோஷத்தில் மாமியாரிடம்தான் கேட்டார்: "ஏதாவது கரைச்சல் இருக்கிறதா?" மாமியாரும், "ஒன்றுமில்லை டொக்டர், நன்றாகச் சாப்பிடுகிறாள், வேலையும் செய்கிறாள்" என்றார். அவர் மோசமான பெண்மணி இல்லை. மருமகளின் ஆஸ்பத்திரி வேலைகளையெல்லாம் அலுக்காமல் பார்த்துவந்தவர். அக்கா அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே கையில் சொன்னார். அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தார். தன்னைப் பற்றித் தன் தலைக்கு மேலே இத்தனை நாளும் என்ன பேசினார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. இரண்டு சுட்டுவிரல்களையும் நெற்றிப்பொட்டுக்கு அருகே கொண்டுபோய் வெடுக்கு வெடுக்கென்று இழுத்தார். கண்ணுக்கு முன்னால் விரித்த கையை மெல்ல ஆட்டினார். கன்னங்களைத் தொட்டு வீக்கத்தைக் காட்டினார். அக்காவின் குரல் உடனே வந்தது: "எனக்குக் கடுமையான தலைவலி. கண் மங்கலாகத் தெரிகிறது. முகமும் வீங்கியிருக்கிறது."

"யாருக்கு, உங்களுக்கா?" என்று வைத்தியர் ஒரு கணம் அக்காவைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார். பிந்திய மாதங்களில் கடும் தலைவலி, பார்வை மங்கல், வீக்கம் என்றால் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். பார்த்தார்கள், ஏறியிருந்தது. அன்றே வார்டில் அனுமதித்தார்கள்.

அக்கா எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "மாமியார் சொல்வது பிழை" என்று வாதாடவும் இல்லை. பேச்சு முழுவதையும் அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தார், அவ்வளவுதான். "அவர் சொல்கிறார்" என்று சொல்லாமல் "எனக்கு" என்றே சொல்வதும் அதற்காகத்தான். பேசுவது அந்தப் பெண்; உரைபெயர்ப்பாளர் அவருடைய குரல் மட்டுமே. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். சைகைகள் பழகப் பழக வந்து சேரும்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்:

என் உம்மாவும் வாப்பாவும் காது கேளாதவர்கள். நான் பேசிய முதல் மொழி கைமொழிதான். அதனால் "உனக்கு என்ன பயிற்சி வேண்டியிருக்கிறது?" என்று பலர் கேட்கிறார்கள். பயிற்சிக்குப் போன பிறகுதான், சைகை தெரிவது வேறு, உரைபெயர்ப்பது வேறு என்று விளங்கியது.

சின்ன வயதிலிருந்தே வங்கி, பிரதேச செயலகம், கடைத்தெரு எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். வாப்பாவுக்கு என்ன நோய் என்று ஒரு வைத்தியர் சொன்னபோதும் நடுவில் நின்றது நான்தான். பாடசாலைச் சீருடையோடு நிற்கிற பிள்ளையிடம், "இதை உங்கள் வாப்பாவிடம் சொல்லுங்கள்" என்றார். வாப்பா என் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சுமை வரக் கூடாது. வீட்டில் பிள்ளை இருக்கிறதே என்று உரைபெயர்ப்பாளரைக் கூப்பிடாமல் விடும் ஒவ்வொரு அலுவலகத்திடமும் இதைக் கையெடுத்துக் கேட்கிறேன்.

எனக்குப் பயிற்சியில் மிகக் கடினமாக இருந்தது, அவர்களுக்காக முடிவெடுக்காமல் இருப்பது. உத்தியோகத்தர் கேட்கும் கேள்விக்கு எனக்கே பதில் தெரியும். சொல்லிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனாலும் அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

மூதூரிலிருந்து ஒருவர்:

நான் காது கேளாதவன், கடற்றொழில் செய்கிறேன். எழுதும் தமிழ் எனக்கு இரண்டாம் மொழி. என் தங்கை திருத்தித் தந்த பிறகே இதைப் போடுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வருகிறது என்று எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். நான் வலையோடு இருந்தேன். ஆட்கள் ஓடுவதைக் கண்டுதான் ஓடினேன். முதுகு காட்டிக்கொண்டு இருந்திருந்தால் இன்று இல்லை. இப்போதும் புயல் என்றால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ வருகிறது. அது எனக்கு வெறும் ஓட்டோ. தொலைக்காட்சியில் உரைபெயர்ப்பாளரைப் போட்டாலும் மூலையில் சின்னப் பெட்டிக்குள் போடுகிறார்கள். விரல் தெரியாது, முகம் அறவே தெரியாது.

பழகும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. கூட்டத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், "ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்" என்பார்கள். அந்தப் பிறகு வந்ததே இல்லை. எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்த ஒரு பயிற்சிப் பிள்ளை, தலைவர் சொன்ன பகிடியை உடனே கையில் சொன்னது. மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். கதவு அடித்த சத்தத்தையும், வெளியே யாரோ சண்டை பிடிப்பதையும்கூடச் சொன்னது. அந்தப் பிள்ளைக்கு அன்றே நாங்கள் ஒரு சைகைப் பெயர் வைத்தோம், கன்னக்குழியைத் தொட்டு. அந்தப் பெயரைத் தானாக வைத்துக்கொள்ள முடியாது, காது கேளாத நாங்கள்தான் வைப்போம்.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்:

நீதிமன்ற வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க ஒன்று. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமே, பேச முடியாத சாட்சி திறந்த மன்றில் எழுத்தாலோ சைகையாலோ சாட்சியமளிக்கலாம், அது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும் என்கிறது. ஆகவே சைகையில் வந்த சாட்சியம் குறைந்த சாட்சியம் இல்லை. விளங்கவில்லை என்றால் ஊகித்துச் சொல்லாமல், "மீண்டும் கேட்க அனுமதி தாருங்கள்" என்று மன்றிடம் எழுந்து சொல்ல வேண்டும். உவர்மலை அக்கா, ஒருவரே எவ்வளவு நேரம் தொடர்ந்து உரைபெயர்க்கலாம்?

உவர்மலையிலிருந்து:

இருபது, முப்பது நிமிடம் தம்பி. அதற்கு மேல் கை அசைந்துகொண்டிருக்கும், மூளை களைத்திருக்கும். நமக்கே தெரியாமல் சிலவற்றை விட்டுவிடுவோம். நீண்ட கூட்டம், வழக்கு, பயிற்சிப் பட்டறை என்றால் இருவர் மாறி மாறிச் செய்வதே முறை. கை ஓய்ந்தவர் வெளியே தேநீர் குடிக்கப் போவதில்லை. பக்கத்தில் இருந்து மற்றவருக்குத் தவறுகிற பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொடுப்பார்.

இரண்டு பேருக்குக் காசு எதற்கு என்று கேட்கும் அலுவலகங்களில் நான் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை எடுத்துக் காட்டுகிறேன். இலங்கை அதை 2016இல் உறுதிப்படுத்தியது. பொதுமக்கள் வந்துபோகும் இடங்களில் தொழில்முறைச் சைகை மொழி உரைபெயர்ப்பாளர்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதன் 9ஆம் உறுப்புரை சொல்கிறது. "தொழில்முறை" என்பதை விரல் வைத்துக் காட்டுகிறேன்.

மூதூர் அண்ணா எழுதிய முகத்தைப் பற்றி: அது அலங்காரம் இல்லை, இலக்கணம். பல சைகை மொழிகளில் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயரும். எங்கே, ஏன் என்றால் சுருங்கும். கையை மட்டும் மனப்பாடம் செய்தவர் கேட்கும் கேள்வி, கேள்வியாகவே போய்ச் சேராது. 1960இல் மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழிக்கு மற்ற மொழிகளைப் போலவே உள்கட்டமைப்பு உண்டு என்று எழுதிக் காட்டினார். நம் ஊரில் இன்னும் பலர் சைகை மொழியை ஊமைச் சாடை என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது.

புதியவர்கள் பழக விரும்பினால் வகுப்போடு நிற்காதீர்கள். காது கேளாதோர் கூடும் இடங்களுக்குப் போங்கள், விளையாட்டுப் போட்டியானாலும் கல்யாண வீடானாலும். வீட்டில் வானொலிச் செய்தியைப் போட்டு, சற்றுப் பின்னால் நின்று கையில் சொல்லிப் பாருங்கள். முழுக் கருத்தும் காதுக்கு வந்த பிறகே கை அசைய வேண்டும். வேலைக்குப் போகும்போது தோல் நிறத்திலிருந்து எடுப்பாக வேறுபடும், கோடு பூ எதுவுமில்லாத சட்டை போடுங்கள். மினுங்கும் மோதிரம், வளையல் வேண்டாம். அவர்கள் மணிக்கணக்காக உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.