சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் எப்படி?

கேள்வி: மேடை விளக்கு வேலை பழகுகிறேன். சிவப்பு, பச்சை விளக்குகளை வெள்ளைத் திரையில் ஒரே இடத்தில் விழவைத்தால் பளிச்சென்று மஞ்சள்! பெயிண்ட்டில் இந்த இரண்டையும் குழைத்தால் அழுக்குப் பழுப்புதான் வருகிறது. மஞ்சள் எங்கிருந்து வந்தது?

பதில் 1: பெயிண்ட் ஒளியை விழுங்கும். ஒன்று விட்டுவைத்ததையும் மற்றது விழுங்கிவிடும். விளக்கில் கூட்டல் மட்டுமே.

பதில் 2: அது சரி, ஆனால் கேள்வி மஞ்சளைப் பற்றியது. திரையில் மஞ்சள் ஒளி துளிகூட இல்லை. நம் விழித்திரையில் நிறத்தை உணரும் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. சோடியம் விளக்கின் சுத்த மஞ்சள் ஒளி (அலைநீளம் 589 நானோமீட்டர்) பட்டால், நீள அலைகளுக்கான கூம்பும் நடுத்தர அலைகளுக்கான கூம்பும் சேர்ந்து தூண்டப்படும். உங்கள் இரண்டு விளக்குகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. மூளைக்கு வித்தியாசம் தெரியாது. (காது அப்படி ஏமாறாது, இரண்டு சுரங்களை இரண்டாகவே கேட்கும்.) நம்பிக்கை இல்லையென்றால் அந்த மஞ்சளை ஒரு பழைய சிடியில் பட்டுத் தெறிக்கவிட்டுப் பாருங்கள், சிவப்பும் பச்சையும் தனித்தனியாகப் பிரியும்.

கேள்வி கேட்டவர்: பிரிந்தது! அப்படியானால் எந்த மஞ்சளைப் போட்டாலும் ஒன்றுதானே?

பதில் 2: வெள்ளைத் திரைக்கு ஒன்றுதான், உடைகளுக்கு இல்லை. உங்கள் கலவையில் சிவப்பு உடை சிவப்பாகவே தெரியும். சோடியம் விளக்கில் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாமே மங்கிப்போய் ஒரே மாதிரி இருக்கும். அப்புறம், நீல விளக்கையும் சேர்த்து வெள்ளை வரவழைத்து, குறுக்கே கையை நீட்டுங்கள். நிழல் கறுப்பாக விழாது. நீலத்தை மறைத்த இடத்தில் மஞ்சள் நிழல் விழும்.