டேட்டோனாவின் பின்னிறக்கை: 23 அங்குலத்தை 25ஆல் வகுத்தால் என்ன வரும்?

அளவுகோல்:
1969ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜர் டேட்டோனாவின் 1/25 அளவு கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாதிரிக் கார்) ஒன்றுக்கு நேற்று இந்த மன்றத்தில் வந்த மதிப்புரையில், "பின்னிறக்கை உட்பட எல்லாம் அசலைப் போலவே இருக்கின்றன, திருத்த எதுவும் இல்லை, குறை காண்பவர்கள் வெர்னியர் அளவியைக் கீழே வைத்துவிட்டுப் பசையைக் கையில் எடுக்கட்டும்" என்று எழுதப்பட்டிருந்தது. இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் எரிச்சல்தான் வந்தது. அசல் காரின் இறக்கை 23 அங்குல உயரம் என்பது இந்தக் காரைப் பற்றிப் படித்த எவருக்கும் தெரியும். 23 அங்குலம் என்றால் 584.2 மில்லிமீட்டர்; அதை 25ஆல் வகுத்தால் 23.4 வரும். கிட்டில் உள்ள இறக்கையோ 24.3 இருக்கிறது. 584.2ஐ 24ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் அது. வீல்பேஸை (முன், பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை) அளந்தால் 118.9 வருகிறது, அசலின் 117 அங்குலத்துக்கு 1/25 அளவில் அதுவே சரி. ஆகவே உடல் 1/25, இறக்கை 1/24. இதை "அசலைப் போலவே" என்று எழுதுவதற்கு முன் ஒருமுறை அளந்து பார்த்திருக்கலாம்.

நீலப்பெட்டி:
அந்த மதிப்புரையை எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். நீங்கள் சொல்லும் வித்தியாசம் 0.9 மில்லிமீட்டர். பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) மூன்றும் ஏறிய பிறகு அது எங்கே இருக்கிறது என்று உங்களாலேயே காட்ட முடியாது. பிளாஸ்டிக் உடலின் சுவர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதை அசல் அளவுக்குப் பெருக்கினால் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடாகிவிடும். அப்படி ஒரு கார் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளிவந்ததில்லை. அதைப் பொறுத்துக்கொள்ளும் நீங்கள் இறக்கையை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்ள மாட்டீர்கள்? பெட்டியைத் திறந்ததும் அளக்கத் தொடங்கி, ஒரு காரையும் முடிக்காமல் அலமாரியில் அடுக்கி வைப்பவர்களை இங்கே பலரும் அறிவோம்.

அளவுகோல்:
நான் எத்தனை கார்களை முடித்தேன் என்பதற்கும் 23 அங்குலத்துக்கும் தொடர்பில்லை. சுவரின் தடிமன் உள்ளே மறைந்திருக்கும். இறக்கை வெளியே நிற்கிறது. இந்தக் காரில் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். 1968 சார்ஜரின் உள்ளடங்கிய கிரில்லும், குகைபோல உள்வாங்கிய பின்கண்ணாடியும் பந்தயத் தடத்தில் காற்றைப் பிடித்துக் காரைத் தூக்கின. அதைச் சரிசெய்யவே கிரில்லை முன்னே கொண்டுவந்து, பின்கண்ணாடியைக் கூரையோடு சமமாக்கி, சார்ஜர் 500ஐக் கொண்டுவந்தார்கள். அதுவும் போதாமல் ஃபோர்டின் டொரினோ டல்லடேகா என்ற காருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தபோது, கூர்மூக்கும் இறக்கையும் சேர்ந்து டேட்டோனா பிறந்தது. நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பின் விதிக்காகச் சாலையில் விற்கக் கட்டியவை 503. 1969 செப்டம்பரில் டல்லடேகா பந்தயத் தடத்தில் தன் முதல் பந்தயத்திலேயே ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் ஓட்டி வென்ற கார் இது. அந்த இறக்கை இல்லையென்றால் இந்தக் காரே இல்லை. அதன் உயரம் 23 அங்குலம்.

பின்கண்ணாடி:
ஒரு சிறு கேள்வி. அந்த 23 அங்குலம் எங்கிருந்து எதுவரை அளக்கப்பட்டது? தாங்கிகள் டிக்கி மூடியின் மேல் நிற்கவில்லை, இரு பக்கப் பனல்களின் மேல் நிற்கின்றன. அந்த மேற்பரப்பும் தட்டையானது அல்ல. தாங்கியின் முன்விளிம்பில் அளந்தால் ஓர் எண்ணும் பின்விளிம்பில் அளந்தால் வேறோர் எண்ணும் வரும். மேல்முனை என்பது படுக்கைச் சிறகின் மேல்தோலா, அடித்தோலா? கிட்டின் தாங்கிக்குக் கீழே பனலுக்குள் நுழையும் முளையும் அந்த 24.3க்குள் அடங்குமா? இவற்றை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையும்.

நீலப்பெட்டி:
23 அங்குலம், 23 அங்குலம் என்று மந்திரம்போலச் சொல்கிறீர்களே, அது ஏன் அவ்வளவு உயரம் என்று தெரியுமா? டிக்கி மூடி முழுதாகத் திறக்க வேண்டும் என்பதற்காக உயர்த்தினார்கள். காற்றுக்கு அதைவிடக் குறைந்த உயரமே போதும். ஆக, சாமான் ஏற்றி இறக்கும் வசதிக்காக வந்த ஓர் எண்ணுக்கு நீங்கள் இப்படி ஆராதனை செய்கிறீர்கள்.

அளவுகோல்:
டிக்கிக் கதை ரசிகர்கள் சந்திக்கும் இடங்களில் எல்லாம் உலவுகிறது. கூரையின் பின்னால் சுழலும் கலங்கிய காற்றுக்கு மேலே, தெளிந்த காற்றில் சிறகு நிற்க வேண்டும் என்பதற்காகவே உயர்த்தப்பட்டது என்ற விளக்கமும் அதே அளவுக்கு உலவுகிறது. உங்கள் வசதிக்கு ஏற்ற ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டீர்கள். அந்தத் தாங்கிகளும் வெறும் கால்கள் அல்ல. கார் பக்கவாட்டில் நிலைகுலையாமல் இருக்கவும் அவை உதவின. 1970 மார்ச் 24 அன்று டல்லடேகாவில் பட்டி பேக்கர் 88ஆம் எண் டேட்டோனாவில் மணிக்கு 200.447 மைல் வேகத்தைத் தொட்டபோது அந்த இறக்கை சாமான் ஏற்றுவதற்காக அங்கே நிற்கவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். டிக்கிக்காக 23 என்றாலும் 23தான், காற்றுக்காக 23 என்றாலும் 23தான். கிட்டில் அது இல்லை.

சாலையோடி:
இறக்கையை விடுங்கள். மதிப்புரையில் இருந்த படங்களில் கூரைக்குக் கறுப்பு வினைல் (தோல்போன்ற பிளாஸ்டிக் உறை) போட்டிருக்கிறாரே, அதை யாரும் கேட்க மாட்டீர்களா? வினைல் கூரை எல்லாச் சாலைக் கார்களுக்கும் கட்டாயமாக வந்தது டேட்டோனாவைப் போலவே இறக்கை வைத்த 1970 பிளிமத் சூப்பர்பேர்டில். பின்கண்ணாடியைச் சமமாக்க ஒட்டவைத்த தகட்டின் வெல்டிங் தடங்களை மறைக்கவே அங்கே அது தேவைப்பட்டது. டேட்டோனாவில் அந்த இடம் வேலை செய்து மழமழப்பாக்கி நிறம் அடிக்கப்பட்டது. இரண்டு கார்களையும் குழப்பிக்கொள்பவர் எழுதும் மதிப்புரையை நாங்கள் நம்ப வேண்டுமாம்.

நீலப்பெட்டி:
சூப்பர்பேர்டைத் தவிர வேறு கார் உலகத்தில் உண்டு என்று ஏற்காதவர் வந்துவிட்டார். கூரைக்கு நிறம் என் விருப்பம், நான் கட்டும் கார் என் கார். முன்பு ஜோ-ஹான் நிறுவனத்தின் சூப்பர்பேர்டு கிட்டைப் பற்றிய திரியில் என் வண்ணப்பூச்சை "குழந்தை வேலை" என்று எழுதியவர் நீங்கள்தான் என்பதை நான் மறக்கவில்லை.

சாலையோடி:
நான் குறை சொன்னது பூச்சின் நிறத்தை அல்ல, தூசியை. இப்போதும் அதையே சொல்வேன். மேலும், சூப்பர்பேர்டின் இறக்கைத் தாங்கிகள் டேட்டோனாவினுடையதைவிடப் பின்னோக்கிச் சாய்ந்தவை, மூக்கும் வேறு, முன் ஃபெண்டர்கள் (முன்சக்கரங்களுக்கு மேலுள்ள பக்கத் தகடுகள்) டாட்ஜ் கொரோனெட் என்ற காரிலிருந்து வந்தவை. இதையெல்லாம் தெரிந்தவர் மதிப்புரை எழுதினால் நன்றாயிருக்கும்.

அளவுகோல்:
சூப்பர்பேர்டுக்கென்று தனித் திரி தொடங்குங்கள். இங்கே பேசுவது டேட்டோனாவின் 23 அங்குலத்தை.

வார்ப்பச்சு:
பிளாஸ்டிக் அச்சுகளோடு வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறுவனம் ஏன் திருத்தவில்லை என்று கேட்பவர்கள், அச்சில் எந்தப் பக்கம் திருத்துவது எளிது என்று யோசிப்பதில்லை. அச்சின் எஃகை மேலும் குடைந்தால் பாகம் பெரிதாகும். அது எளிய வேலை. பாகத்தைச் சிறிதாக்க வேண்டுமானால் குடைந்த இடத்தை வெல்டிங் செய்து நிரப்பி மறுபடி செதுக்க வேண்டும், அல்லது அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிய எஃகுத் துண்டைப் பொருத்த வேண்டும். இறக்கை உயரமாக இருக்கிறது என்பது உண்மையானால் அது இந்த இரண்டாவது வகைத் திருத்தம். 0.9 மில்லிமீட்டருக்காக எந்த நிறுவனமும் அதைச் செய்யாது. பழைய கிட்களில் முன்சக்கரங்களை இணைக்கும் கம்பி எஞ்சினின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு போகும். அதையே பல ஆண்டுகள் மாற்றாமல் விற்ற தொழில் இது.

அளவுகோல்:
விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கத்தையே வலுப்படுத்துகிறது. திருத்துவது கடினம் என்பதால்தான் அச்சு வெட்டும் முன்பே அளந்திருக்க வேண்டும்; அதனால்தான் மதிப்புரை எழுதுபவர்கள் முதல் வெளியீட்டிலேயே சொல்ல வேண்டும். "எல்லாம் சரி" என்று எழுதி வழியனுப்பினால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அதே அச்சிலிருந்து அதே இறக்கைதான் வரும், பெட்டியின் படம் மட்டும் மாறும்.

வாங்கிவிட்டவர்கள் தாங்களே திருத்தலாம். தாங்கிகள் அடியில் அகலமாகவும் மேலே குறுகியும் இருப்பதால், மேலே வெட்டினால் சிறகு உட்காரும் இடம் கெடும். அடியிலிருந்து 0.9 எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அடிப்பகுதியின் வளைவு பனலோடு பொருந்துமாறு, பனலின் மேலேயே உப்புத்தாளை விரித்து அதன்மேல் தாங்கியைத் தேய்க்க வேண்டும். முளைகள் போய்விடும் என்பதால் மெல்லிய பித்தளைக் கம்பியைத் துளையிட்டுச் செருகினால் பிடிப்பு வரும். இரண்டு தாங்கிகளையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் பிடித்துத் தேய்க்காவிட்டால் சிறகு ஒரு பக்கம் சாயும். ஒரு மாலைப் பொழுதின் வேலைதான். செய்து பார்த்தால் காரின் தோற்றமே அடங்கி, மூக்கோடு இறக்கை இணங்கி நிற்பது தெரியும்.

பின்கண்ணாடி:
எங்கிருந்து அளந்தீர்கள் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. முளையையும் சேர்த்து அளந்திருந்தால் 24.3 என்பதற்கே பொருள் மாறிவிடும்.

நீலப்பெட்டி:
நானும் இன்று அளந்தேன். எனக்கு 23.8 வந்தது. ஆக அளவுகோலின் அளவுகோலிலேயே பிழை. வினைல் கூரையை வைத்து என்னைக் கேலி செய்தவர்களுக்கும் இதுவே பதில். மதிப்புரையில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை.

சாலையோடி:
வினைல் கூரைக்கு 23.8 எப்படிப் பதிலாகும் என்று யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

அளவுகோல்:
நீங்கள் சொல்லும் 23.8ஐயே எடுத்துக்கொள்வோம். அதை 25ஆல் பெருக்கினால் 595 மில்லிமீட்டர், அதாவது 23.4 அங்குலம். அசல் 23. உங்கள் கையால் அளந்து, உங்கள் எண்ணை வைத்துப் பார்த்தாலும் இறக்கை உயரமாகவே இருக்கிறது. "அசலைப் போலவே" என்று எழுதியது அப்போதும் தவறு, இப்போதும் தவறு. நாளை என் கிட்டின் இரண்டு தாங்கிகளையும் வெர்னியரின் வாயில் வைத்துப் படமெடுத்து இங்கேயே போடுகிறேன். நீங்களும் உங்களுடையதைப் போடுங்கள்.

நீலப்பெட்டி:
படம் போட எனக்கு நேரமில்லை. சனிக்கிழமைக்குள் 1970 டாட்ஜ் சாலஞ்சர் கிட்டை முடிக்க வேண்டும்.

சாலையோடி:
அதற்கும் வினைல் கூரையா?

அளவுகோல்:
சாலஞ்சரின் வீல்பேஸ் 110 அங்குலம், அதே குடும்பத்தைச் சேர்ந்த பாரகுடாவுக்கு 108. 1/25 அளவில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். பசையைக் கையில் எடுக்கும் முன் அதையாவது அளந்துவிடுங்கள். டேட்டோனாவின் 23 அங்குலத்துக்கு நாளை படத்தோடு வருகிறேன்.