செட்டிநாட்டுச் சுவரில் முட்டை: கடைசிப் பூச்சிலா, சுவர் முழுக்கவா?

சாந்துக்கரண்டி:
நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தார். கானாடுகாத்தான் நடுத்தெருவையும் பக்கத்துக் கடைவரிசையையும் மூணு மாசத்துல புதுசாக்கிடலாமாம். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூச்சு, மேல பட்டி, அதுக்கு மேல எமல்ஷன், எல்லா முகப்புக்கும் ஒரே மஞ்சள், வரிசையா அலங்கார விளக்கு. சுற்றுலாக்காரங்க குவிஞ்சிடுவாங்களாம். ஏன் சுண்ணாம்பு வேண்டாம்னா, "அந்தக் காலத்துல சுவர் முழுக்க முட்டை ஊத்திப் பூசினாங்க, இன்னைக்கு அத்தனை முட்டைக்கு எங்க போறது?" அப்படின்னு காரணம் வேற.

சுவர் முழுக்க முட்டை கிடையாது. கடைசிப் பூச்சுல மட்டும்தான். பழைய வீடுகளைப் பழுது பார்க்குறதுதான் என் பிழைப்பு, தெரிஞ்சுதான் சொல்றேன். செங்கல்லுக்கு நடுவுல சுண்ணாம்புச் சாந்து. மேல கரடான பூச்சு, அப்புறம் நைசு, ஒவ்வொண்ணும் இறுகினப்புறம் அடுத்தது. நல்லா அரைச்சு வெண்ணெய்ப் பதத்துக்கு வந்த சுண்ணாம்புல வெள்ளைக்கருவைச் சேர்த்து மெல்லிசா இழுத்து, வழவழப்பான கல்லால தேய்ச்சு மெருகேத்துறது கடைசி வேலை. அந்தப் பளபளப்பைப் பார்த்தவங்க சுவரே முட்டைன்னு கதை கட்டிட்டாங்க. இப்ப அந்தக் கதையைக் காட்டியே சுவரைக் கொத்த வர்றாங்க.

சைட் எஞ்சினியர்:
எழுதினது நான்தான். "ஒருத்தர்"னு ஜாடையா பேச வேண்டாம், நேரா கேளுங்க மேஸ்திரி. வண்டி வண்டியா முட்டை வந்து இறங்குச்சுன்னு ஊர்ல பெரியவங்க எல்லாரும் சொல்றாங்க. அவங்க எல்லாரும் பொய், நீங்க ஒருத்தர் மட்டும் உண்மையா? முட்டை போட்டது உண்மை. இன்னைக்கு அந்தச் செலவு யாருக்கும் கட்டுப்படி ஆகாது, இதுவும் உண்மை. என் திட்டத்துல எந்தத் தப்பும் இல்ல.

வளவு வீட்டுப் பேத்தி:
சார், எங்க வீட்டு முகப்புல ஒரு பக்கச் சுவர் பொரிஞ்சு விழுந்துச்சுன்னு சில வருஷம் முன்னாடி சிமெண்ட் பூசினாங்க. இப்ப அந்த இடத்துல இடுப்பு உயரம் வரைக்கும் உப்பு பூத்திருக்கு, கை வெச்சா செங்கல் மாவா உதிருது. பூசாம விட்ட பக்கம் அப்படியே இருக்கு. எத்தனை முட்டைன்னு எனக்குத் தெரியாது. சிமெண்ட் பூசின பக்கம்தான் கெட்டுப்போச்சு, அது தெரியும்.

சைட் எஞ்சினியர்:
உங்களுக்குப் பூசினவன் வேலை தெரியாதவன். கலவை விகிதம் தப்பா இருந்திருக்கும். அதுக்கு சிமெண்ட் என்ன பண்ணும்? பேச்சு முட்டையைப் பத்தி, அதை மாத்தாதீங்க.

சாந்துக்கரண்டி:
விகிதம் சரியா இருந்தாலும் இதேதான் நடக்கும் சார். அந்த வீடுகளுக்கு அஸ்திவாரத்துல ஈரம் தடுக்குற அடுக்கு கிடையாது. மண்ணுல இருந்து ஓதம் மேல ஏறிக்கிட்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளிய விட்டுடும். சிமெண்ட் விடாது, உள்ளயே அடைச்சு வெச்சிடும். வெளிய வர வழியில்லாத ஈரம் இன்னும் மேல ஏறும். உள்ள இருக்குற உப்பு காய்ஞ்சு கட்டியாகி செங்கல்லை உள்ளுக்குள்ளயே உடைக்கும். இந்த ஆச்சி வீட்டு முகப்புல நடந்தது இதுதான். அதுக்கு மேல பட்டியும் எமல்ஷனும் போட்டா இருக்குற வழியும் அடைபட்டுடும். மூணு மாசத்துல தெரு பளிச்சுனு ஆகும், நாலு மழை கண்டா முகப்பெல்லாம் கொப்புளம் விடும்.

இன்னொரு தடவை சொல்றேன். முட்டை கடைசிப் பூச்சுல மட்டும். அந்த மெருகு வேண்டாம்னா முட்டையே வேண்டாம். சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணி, வெல்லம், இதுலயே சுவர் நிக்கும்.

தரங்கை அலை:
நான் தரங்கம்பாடி. எங்க ஊர்லயும் சிமெண்டா சுண்ணாம்பான்னு இதே சண்டை நடந்துச்சு. சுனாமிக்கப்புறம், பழைய கட்டடங்களைக் காப்பாத்துற இன்டாக் அமைப்பு பொற்கொல்லர் தெருவுல திண்ணை வெச்ச தமிழ் வீடுகளைப் பழுது பார்த்துக் குடுத்துச்சு, டென்மார்க்ல இருந்து பணமும் வந்துச்சு. கோட்டையையும் கவர்னர் பங்களாவையும் மட்டும் பார்த்துட்டுப் போறவங்க அந்தத் தெருவையும் ஒரு நடை நடந்து பாருங்க.

முட்டைக்கு ஆதாரம் வேணும்னா இருக்கு. செயின்ட் ஹெலினா தீவுல கவர்னரா இருந்த ஐசக் பைக், மெட்ராஸ்ல சாந்து எப்படிப் பண்றாங்கன்னு எழுதினது 1732 வாக்குல லண்டன் ராயல் சொசைட்டி இதழ்லயே வந்திருக்கு. கடுக்காய், வெல்லம், தயிர், நெய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் அதுல இருக்கு.

சைட் எஞ்சினியர்:
பாருங்க! முட்டை இருக்குன்னு 1732லயே எழுதி வெச்சிருக்கான். இனி மேஸ்திரி என்ன சொல்லப் போறார்?

சாந்துக்கரண்டி:
முட்டையே இல்லன்னு நான் எங்க சொன்னேன்? எந்தப் பூச்சுக்குன்னு படிங்க. கடுக்காயும் வெல்லமும் சாந்துக்கு. முட்டையும் தயிரும் நெய்யும் உசத்தியான மேல்பூச்சுக்கு. நான் சொன்னதும் அதேதான். கடைசிப் பூச்சு.

சைட் எஞ்சினியர்:
அது மெட்ராஸ். இது செட்டிநாடு. நகரத்தார் பணத்துக்குக் கணக்கு பார்த்தவங்க இல்ல. பர்மாவுல இருந்து தேக்கு, இத்தாலியில இருந்து மார்பிள், பெல்ஜியத்துல இருந்து கண்ணாடின்னு கொண்டு வந்தவங்க முட்டைக்கா கணக்கு பார்த்திருப்பாங்க? முழுச் சுவருக்கும் போட்டிருப்பாங்க.

வளவு வீட்டுப் பேத்தி:
கணக்கு பார்க்காதவங்களா? கணக்கு எழுதியே பிழைச்சவங்க சார் நாங்க. அநாவசியமா ஒரு முட்டை செலவழிச்சிருக்க மாட்டாங்க. எங்களைப் பத்தி ஆளாளுக்கு ஒரு கதை சொல்றதை முதல்ல நிறுத்துங்க.

தேவகோட்டை ரஸ்தா:
செட்டிநாடுன்னா உங்களுக்கெல்லாம் கானாடுகாத்தான், காரைக்குடி, அதை விட்டா ஆத்தங்குடி. தேவகோட்டையில எத்தனை தெரு முழுக்கப் பெரிய வீடுகளா நிக்குது தெரியுமா? விடுதி கிடையாது, படம் எடுக்க வர்றவன் கிடையாது, பத்திரிகைக்காரன் கிடையாது. யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல 2014ல செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தாங்களே, அதனால எங்க தெருவுக்கு என்ன வந்துச்சு?

சைட் எஞ்சினியர்:
அதையேதான் நானும் கேக்குறேன். பட்டியல்ல சேர்த்துப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. கானாடுகாத்தான் தெருவுல கூடுதலா எத்தனை கடை திறந்திருக்கு? சுண்ணாம்பு நீத்துறேன், ஊற வைக்கிறேன்னு உக்காந்திருந்தா ஊர் சுடுகாடாயிடும். ஜனம் வரணும். ஜனம் வரணும்னா தெரு பார்க்க நல்லா இருக்கணும். சுவருக்குள்ள முட்டை இருக்கா இல்லையான்னு எந்தச் சுற்றுலாக்காரன் கேக்கப் போறான்?

சாந்துக்கரண்டி:
கானாடுகாத்தான் விசாலம், கொத்தமங்கலம் சாரதா விலாஸ்னு விடுதியா மாறின வீடுகள் ரெண்டும், பழைய வீடு பழைய வீடாவே இருக்குறதாலதான் ஜனத்தை இழுக்குது. பட்டி தேய்ச்சு எமல்ஷன் அடிச்ச அறையில தங்க எவனும் சென்னையில இருந்து ராத்திரி முழுக்க ரயில்ல வர மாட்டான். புதுச்சேரி வைசியாள் வீதியைப் பாருங்க. ஆசியா அர்ப்ஸ்னு ஐரோப்பிய ஒன்றியத்து நிதி வந்தப்போ ஒரு தெருவோட முகப்புகள் எல்லாத்தையும் சேர்த்து வேலைக்கு எடுத்து, தாழ்வாரம் திண்ணையோட திரும்பக் கொண்டு வந்தாங்க. குடியிருக்குறவங்க குடியிருந்தபடியே வேலை நடந்துச்சு. தெருவைத் தெருவா வெச்சுக் காப்பாத்துறதுன்னா அதுதான்.

நம்ம ஊருக்கு என்ன வேணும்னு சொல்றேன். முதல்ல கூரை. ஓடு நகர்ந்து ஒரே ஒரு இடத்துல ஒழுகினா போதும், பர்மாத் தேக்கு உத்தரமா இருந்தாலும் செல்லரிச்சுடும். அடுத்தது மழைத்தண்ணி. வளவுல, அதாவது நடு முற்றத்துல, விழுற தண்ணி வெளிய போய், தெரு வாய்க்கால் வழியா ஊருணி சேரணும்னுதான் அந்தக் காலத்துல ஊரையே அமைச்சாங்க. வாய்க்காலை மூடிட்டு சுவர்ல ஓதம் ஏறுதுன்னு அழுது என்ன பிரயோஜனம்? அதுக்கப்புறம் சாந்து. கலர் கடைசி. அதுலயும் எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சளா? ஒவ்வொரு முகப்பும் ஒவ்வொரு விதமா இருக்கணும்னு போட்டி போட்டுக் கட்டின தெரு அது. ஒரே கலரை அடிச்சு எதைக் காட்டப் போறீங்க?

பழைய கதவு:
நான் காரைக்குடியில பழம்பொருள் கடை வெச்சிருக்கேன். பேச்சுல யதார்த்தமே இல்ல. பாதி வீடு பூட்டிக் கிடக்கு. வருஷத்துல கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கோ ஒரு தடவை திறக்குறாங்க. கூரை, வாய்க்கால்னு அண்ணன் அடுக்குறதுக்கெல்லாம் பணம் யார் தருவா?

சாந்துக்கரண்டி:
நீங்க பேசாதீங்க. தூணும் கதவும் நிலையும் உங்க கடை வாசல்ல சாஞ்சு நிக்கிறது எப்படி? ஒரு வீட்டைப் பிரிச்சாத்தான் உங்களுக்கு யாவாரம்.

பழைய கதவு:
வார்த்தையை அளந்து பேசுங்க. நான் எந்த வீட்டையும் இடிச்சது கிடையாது. பங்காளிங்க எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணி வித்துட்டு அப்புறம்தான் எங்களைக் கூப்பிடுறாங்க. நான் வாங்கலன்னா அந்தத் தேக்கு அறுப்பு மில்லுக்குப் போகும். தூணை முழுசாக் காப்பாத்துறது நான். நீங்க ஒரு சுவரைப் பூசிட்டு ஊரையே காப்பாத்தின மாதிரி பேசுறீங்க.

சாந்துக்கரண்டி:
வீட்டுக்குள்ள நிக்கிற வரைக்கும்தான் அது தூண். உங்க கடையில அது வெறும் மரம்.

வளவு வீட்டுப் பேத்தி:
அண்ணே, பங்காளிங்களை ஒரே வரியில குத்தம் சொல்லிட்டுப் போகாதீங்க. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் எங்க முன்னோர் போட்ட முதல் போச்சு, வீடு மட்டும் மிச்சம். வளவைச் சுத்தி ஒவ்வொரு மகனுக்கும் அறை பிரிச்சுக் குடுத்தாங்க. இன்னைக்கு அந்த ஒரே வீட்டுக்குக் கோலாலம்பூர்ல ஒரு புள்ளி (எங்க கணக்குல ஒரு குடும்பம்), சென்னையில நாலு புள்ளி, அமெரிக்காவுல ஒரு புள்ளி. ஒரு ஓடு மாத்தணும்னாலும் எல்லார்கிட்டயும் பேசணும், ஒருத்தர் முடியாதுன்னா வேலை நின்னுடும். தமிழ்நாடு மரபுசார் ஆணையத்துக்கு 2012லயே சட்டம் போட்டாங்க. பூட்டின வீட்டுக்குள்ள ஒழுகுற கூரையை எந்தச் சட்டம் வந்து அடைச்சுது? சாவியை வெச்சுக்கிட்டு ஊர்ல இருக்குறது எங்க அப்பத்தா ஒருத்தர்தான். அவங்க கூரையேறி ஓடு மாத்துவாங்களா?

தேவகோட்டை ரஸ்தா:
கானாடுகாத்தான் ஓட்டுக்கே இத்தனை பேர் அழுறீங்க. தேவகோட்டையில ஓடே இல்லாம நிக்கிற வீடு இருக்கு.

சைட் எஞ்சினியர்:
சரி, ஒரே ஒரு கேள்வி. சிமெண்ட் விஷம்ங்குறாரே மேஸ்திரி, ஆத்தங்குடிக் கல்லு எதுல செய்றாங்க? சிமெண்ட்லதான்! கண்ணாடி மேல கலர் ஊத்தி, சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கித் தண்ணியில ஊற வைக்கிறாங்க. செட்டிநாட்டுப் பெருமைன்னு ஊரெல்லாம் சொல்ற தரையே சிமெண்ட்தான். தரைக்கு ஆகும், சுவருக்கு ஆகாதா?

சாந்துக்கரண்டி:
ஆகாது. ஒரு கல்லு ஒரு சாண் அகலம். கல்லுக்குக் கல்லு இணைப்பு இருக்கு, கீழ சுண்ணாம்புப் படுக்கை இருக்கு. ஈரம் அந்த இணைப்பு வழியா வந்துட்டுப் போகும். சுவர்ல நீங்க பூசுறது மேல இருந்து கீழ வரைக்கும் இணைப்பே இல்லாத ஒரே தகடு. சிமெண்ட்டைக் கண்டா பயம் எனக்குக் கிடையாது. எந்த இடத்துல எதைப் போடுறதுன்னு கேக்குறேன். புதுக் கட்டடத்துக்கு நீங்க சொல்றது சரியா இருக்கும், அங்க நான் வாயே திறக்க மாட்டேன்.

தரங்கை அலை:
கடலோரம்னா இன்னும் மோசம். காத்துலயே உப்பு வரும். சிமெண்ட் பூசின இடம் முதல்ல போகும். எங்க ஊருக்கு வாங்க, காட்டுறேன்.

பழைய கதவு:
எல்லாரும் தரங்கம்பாடிக்குப் போங்க, புதுச்சேரிக்குப் போங்க. காரைக்குடிக்கு மட்டும் யாரும் வராதீங்க.

சைட் எஞ்சினியர்:
தகடு, இணைப்புன்னு என்னென்னமோ பேசுறீங்க. நான் ஆரம்பத்துல கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. ஊர்ப் பெரியவங்க வண்டி வண்டியா முட்டை வந்துச்சுன்னு சொல்றது பொய்யா?

சாந்துக்கரண்டி:
வண்டி வந்திருக்கலாம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டுன்னு அத்தனை சுவருக்கும் தூணுக்கும் மெருகு போடணும்னா கடைசிப் பூச்சுக்கு மட்டுமே நிறைய முட்டை வேணும். அதுக்காக அடிப்பூச்சுல முட்டை இருந்துச்சுன்னு ஆகாது. உதிர்ந்து விழுந்த துண்டு ஒண்ணை எடுத்து உடைச்சுப் பாருங்க. கரடு, நைசு, மெருகுன்னு அடுக்கு அடுக்கா கண்ணுக்கே தெரியும். மெருகு விழுந்து போன சுவர்ல கூட அடிப்பூச்சு கல்லு மாதிரி நிக்கும். அங்க முட்டையே கிடையாது, எது தாங்கி நிக்குது?

சைட் எஞ்சினியர்:
ஆய்வுக்கூட ரிப்போர்ட் இருந்தா போடுங்க. இல்லன்னா இது உங்க கைப்பழக்கம், அவ்வளவுதான். முட்டை சுவர் முழுக்க இருந்துச்சு, என் கருத்துல மாத்தமில்ல.

சாந்துக்கரண்டி:
நீங்க போட்ட திட்டத்துக்கு எந்த ஆய்வுக்கூட ரிப்போர்ட் இருக்கு? சிமெண்ட் பூசுறதுக்கு முன்னாடி ஒரு சுவர்லயாவது ஈரம் எவ்வளவு ஏறியிருக்குன்னு அளந்து பார்த்தீங்களா? அளந்ததை இங்க போடுங்க, நானும் என் சாந்துத் துண்டை அனுப்புறேன்.

வளவு வீட்டுப் பேத்தி:
அண்ணே, இந்த மழைக்கு முன்னாடி எங்க வீட்டு முகப்புல அந்த சிமெண்ட்டை எடுக்க முடியுமா? எடுத்தா செங்கல் கூடவே வந்துடுமோன்னு அப்பத்தா பயப்படுறாங்க.

சாந்துக்கரண்டி:
மெதுவா எடுத்தா வராது ஆச்சி. மிஷின் வெச்சுக் கொத்த விடாதீங்க, சின்ன உளிதான். எடுத்ததும் பூசிடாதீங்க. சுவர் காயட்டும், பூக்குற உப்பை வறண்ட தூரிகையால தட்டித் தட்டி எடுத்துக்கிட்டே இருக்கணும். பூச்சு அதுக்கப்புறம்.

சைட் எஞ்சினியர்:
எடுத்துட்டுச் சுவரோட போட்டோ போடுங்கம்மா. யார் சரின்னு பார்ப்போம்.

தேவகோட்டை ரஸ்தா:
அப்படியே தேவகோட்டைக்கும் யாராவது ஒரு ஆள் வந்து நாலு போட்டோ எடுத்துப் போடுங்க.