எஃப்எம்ஆர்ஐ-ல சவுண்ட் ஸ்டடி பண்ணவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மக்களே, ஒரு ஹெல்ப். பேச்சையும் வெறும் டோனையும் மூளை எப்படிப் பிரிச்சு எடுக்குதுன்னு பாக்கணும், ஆனா எஃப்எம்ஆர்ஐ (ரத்த ஓட்டத்தை வச்சு மூளையில எந்த இடம் வேலை செய்யுதுன்னு காட்டற ஸ்கேன்) ஸ்கேனரே 100 டெசிபலுக்கு மேல கத்துது, இயர்பிளக் போட்டாலும் அந்த டகடக சத்தத்துக்கே ஆடிட்டரி கார்டெக்ஸ் (மூளையில சத்தத்தைக் கவனிக்கற பகுதி) வேலை செய்ய ஆரம்பிச்சுடுது, அப்புறம் நம்ம சத்தத்துக்கு என்ன மிச்சம் இருக்கும் சொல்லுங்க.

ரத்த ஓட்ட சிக்னல் உச்சத்துக்கு வர 5, 6 செகண்ட் ஆகுறதால, அமைதியான கேப்ல சத்தத்தைக் குடுத்துட்டு அப்புறமா ஸ்கேன் எடுக்கற ஸ்பார்ஸ் சாம்ப்ளிங்தான் வழின்னு தோணுது. ஆனா 10 செகண்டுக்கு ஒரு வால்யூம்னா (அதாவது முழு மூளையோட ஒரு ஸ்கேன் படம்) டேட்டா ரொம்ப கம்மியாயிடுமே (உள்ள படுத்தவங்க தூங்கிடுறது வேற தொல்லை). எந்த இடம் வேலை செய்யுதுங்கறதுதான் எனக்கு முக்கியம், அதனால இடத்தைத் துல்லியமா காட்டாத ஈஈஜி (தலையில எலக்ட்ரோடு ஒட்டி மூளையோட மின் சிக்னலை அளக்கறது) பக்கம் போகச் சொல்லாதீங்க. ஒவ்வொரு கேப்புக்கும் அப்புறம் ரெண்டு மூணு வால்யூம் சேத்து எடுத்தவங்க இருந்தா, அனாலிசிஸ்ல என்ன பிரச்சனை வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.