கல்யாணப் பொண்ணுக்கு குளூட்டாதயோன் டிரிப்: போடலாமா, வேண்டாமா?

மீனாட்சிபுரம்காரன்:
அக்கா பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம். பாலக்காட்டுல ஒரு ஸ்கின் கிளினிக்ல குளூட்டாதயோனும் வைட்டமின் சியும் கலந்து டிரிப் ஏத்துனா நிறம் வரும்னு பேக்கேஜ் பேசி, அட்வான்ஸும் குடுத்தாச்சு. எனக்குத்தான் உறுத்தல். பொண்ணோட தம்பி மங்களூருல கட்டட வேலைக்குப் போயி மலேரியாவோட வந்தான். அதுக்கு பிரைமாக்குவின் மாத்திரை ஆரம்பிச்ச மூணாம் நாள் மூத்திரம் கட்டன் சாயா மாதிரி போச்சு, கண்ணெல்லாம் மஞ்சள். சிவப்பணுவைக் காக்கற ஜி6பிடிங்கற என்சைம் குறைபாடுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. கிளினிக்ல இதைக் கேட்டா, "அது ஆம்பளைங்களுக்குத்தான் வரும்"னு முடிச்சுட்டாங்க. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சித்தூர்புழை:
எதுக்குங்க இவ்வளவு பயம்? தம்பிக்கு ரத்த அணு உடைஞ்சது ஆக்சிடேஷனால. இவளுக்கு ஏத்தப் போறது ரெண்டுமே ஆக்சிடேஷனைத் தடுக்கற ஆன்டிஆக்சிடன்ட். குறைபாடு இருந்தாலும் நல்லதுதானே செய்யும்? என் தங்கச்சி கோயமுத்தூர்ல போட்டா, ஒண்ணும் ஆகல.

லேப்அக்கா:
அங்கதான் கணக்கு தப்புது தம்பி. ஆன்டிஆக்சிடன்ட்னு பாட்டில்ல போட்டிருந்தாலும் அதோட வேலை எலக்ட்ரானைக் குடுக்கறதுதான். யாருக்குக் குடுக்குதுங்கறதுலதான் நல்லதும் கெட்டதும். வைட்டமின் சி ரத்தத்துல கிராம் கணக்குல ஏறினா இரும்பு மாதிரி உலோக அயனிக்கு எலக்ட்ரான் குடுக்கும், அங்கிருந்து ஆக்சிஜனுக்குப் போகும், கடைசில ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும். அதைச் சமாளிக்க சிவப்பணு தனக்குள்ளயே செஞ்சு வெச்சிருக்கற குளூட்டாதயோன் செலவாகும். செலவானதைத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவர, எலக்ட்ரான் குடுக்கற என்ஏடிபிஹெச்ங்கற மூலக்கூறு வேணும். மத்த செல்லுக்கு அதைத் தயாரிக்க வேற வழியும் உண்டு. சிவப்பணுல செல்லுக்குச் சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, அதுக்கு ஜி6பிடி என்சைம் ஒண்ணுதான் கதி. அது குறைஞ்சா ஹீமோகுளோபின் கெட்டு, கட்டி கட்டியா அணுவோட சுவர்ல ஒட்டிக்கும். ஸ்டெயின் பண்ணி மைக்ராஸ்கோப்புல பார்த்தா ஓரத்துல நீலப் புள்ளியா தெரியும், ஹைன்ஸ் பாடின்னு பேரு. அப்புறம் அணு உடையும். பிரைமாக்குவின் செஞ்சதும் இதே வேலைதான். அந்த மாத்திரையால ரத்தம் உடையறவங்ககிட்ட இந்த என்சைம் குறைவுன்னு 1956லயே கண்டுபிடிச்சாச்சு.

சித்தூர்புழை:
சரிங்க்கா, குளூட்டாதயோன் செலவாகுதுன்னு நீங்களே சொல்றீங்க. அதைத்தானே டிரிப்ல ஏத்துறாங்க? பாராசிட்டமால் அதிகமாகி ஈரல் போற நிலைமைல என்-அசிட்டைல் சிஸ்டீன் குடுத்து உயிரைக் காப்பாத்தறது எதுக்கு, குளூட்டாதயோனை ஏத்தத்தானே?

லேப்அக்கா:
நல்ல கேள்வி. அங்க ஈரல் செல்லுக்குள்ள சரக்கு தீர்ந்துபோகுது, அதைத் தயாரிக்கற மூலப்பொருளைக் குடுக்கறோம், செல் உள்ளயே செஞ்சுக்குது. இங்க முழு குளூட்டாதயோனை நரம்புல விட்டா, அது அப்படியே சிவப்பணுவுக்குள்ள புகுந்துடாது. ரத்தத்துல நிக்கறதே சில நிமிஷம்தான். புகுந்தாலும் குறை சரக்குல இல்லயே. செலவானதை மீட்க ஆள் இல்லாததுதான் குறை.

வேலந்தாவளம்:
எங்க பாட்டி தினம் நெல்லிக்காய் தின்னு தொண்ணூறு தாண்டினா. அதையும் தப்புன்னு சொல்வீங்க போல. எல்லாத்துக்கும் வெள்ளைக்காரன் ஆராய்ச்சியா?

லேப்அக்கா:
நெல்லிக்காயை யாரும் தடுக்கலீங்க. வாய்வழியா போனா குடல் ஓரளவுக்கு மேல உறிஞ்சாது, மிச்சத்தை வெளிய தள்ளிடும். நரம்புல ஏத்தும்போது அந்தக் காவல் இல்ல. ஆராய்ச்சின்னீங்களே, பின்லாந்துல 29,133 புகைபிடிக்கற ஆம்பளைங்களை வெச்சுப் பார்த்து 1994ல வெளியிட்டாங்க. கேரட்ல இருக்கற பீட்டா கரோட்டின்ங்கற ஆன்டிஆக்சிடன்டை தினம் 20 மில்லிகிராம் மாத்திரையா தின்னவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். புகைக்கு எதிரா காக்கும்னு நம்பித்தான் குடுத்தாங்க. கேரட் தின்னவங்களுக்கு அது நடக்கல, மாத்திரைக்காரங்களுக்கு நடந்துச்சு.

சித்தூர்புழை:
பீட்டா கரோட்டின் வேற, இது வேற. நாலு டிரிப்புக்கும் தினம் தின்னற மாத்திரைக்கும் முடிச்சுப் போடாதீங்க. டோஸ் என்னன்னே தெரியாம பயமுறுத்தறீங்க.

லேப்அக்கா:
டோஸ் தெரியாதது என் குத்தமா? எத்தனை கிராம்னு சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க, தர்றாங்களான்னு பாப்போம். புற்றுநோய்க்குப் பல பத்து கிராம் வைட்டமின் சி ஏத்தற இடத்துல முதல் வேலையே ஜி6பிடி டெஸ்ட். பார்லர் டோஸ் குறைவாவே இருக்கட்டும், தம்பிக்கு இருக்குன்னு தெரிஞ்ச வீட்டுல டெஸ்ட் பாக்காம ஊசி குத்தறது நியாயமா?

மீனாட்சிபுரம்காரன்:
அக்கா, பொண்ணுக்கு வராதுங்கறாங்களே?

லேப்அக்கா:
ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. ஆணுக்கு எக்ஸ் ஒண்ணுதான், அது பழுதுன்னா முழுக் குறைபாடு. பையனுக்கு அது அம்மாகிட்ட இருந்துதான் வரும், அப்ப உங்க அக்கா அதைச் சுமக்கறவங்க. பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தா அவ சிவப்பணுல ஒரு பங்கு நல்லது, ஒரு பங்கு பழுது. பழுது பங்கு கூடினா தம்பி மாதிரியே உடையலாம். ஸ்கிரீனிங் டெஸ்ட்ல இந்த நடுத்தர நிலை நழுவிடும், அதனால என்சைம் அளவை எண்ணா தர்ற டெஸ்ட் கேளுங்க. இப்ப பொறக்கற குழந்தைங்களுக்கு கேரளா அரசு ஆஸ்பத்திரில குதிகால்ல ரத்தம் எடுத்து இதையும் பாக்கறாங்க. இவ பொறந்தப்ப அது இல்ல. தாய்மாமன் நீங்களும் ஒண்ணு எடுத்துடுங்க, அக்காவுக்கு அது உங்க அம்மா வழியா வந்திருந்தா உங்களுக்கும் இருக்கலாம். வீட்டுல பாச்சை உருண்டை போட்டிருந்தா எடுத்துப் போடுங்க, அதுவும் இவங்களுக்கு ஆகாது.

சித்தூர்புழை:
டெஸ்ட் நார்மல்னு வந்தா போடலாம்னு ஒத்துக்கறீங்களா?

லேப்அக்கா:
ரத்தம் உடையுங்கற பயம் போகும், அவ்வளவுதான். நிறம் ஏறுங்கறதுக்கு உருப்படியான ஆதாரம் அப்பவும் இல்ல. வைட்டமின் சி உடம்புல ஆக்ஸலேட்டா மாறும், கிட்னில கல் இருந்த வீடுன்னா அதையும் யோசிக்கணும்.

சித்தூர்புழை:
என் தங்கச்சிக்கு நிறம் வந்துச்சு, நான் கண்ணால பார்த்தேன். மேல பேசல.

மீனாட்சிபுரம்காரன்:
அக்காகிட்ட சொல்லிட்டேன். அட்வான்ஸ் போனாலும் போகட்டும், டெஸ்ட் எடுக்காம வேண்டாம்னு மச்சான் சொல்றாரு. பொண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா. எண் வர்ற டெஸ்ட் பொள்ளாச்சி பக்கம் எங்க எடுக்கறாங்க?

வேலந்தாவளம்:
பொண்ணு இருக்கற நிறத்துக்கே மாப்பிள்ளை வீட்டுல சம்மதம்தானே? அப்புறம் என்னத்துக்குங்க இந்த டிரிப்பு.