இணைந்த கணிதம்: பிரயோகம் பிடிபடவில்லை, உதவுங்கள்

கேள்வி:
இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை முதல் தடவை எழுதுகிறேன். இணைந்த கணிதத்தின் இரண்டு தாளில் தூய கணிதம் சமாளிப்பேன், ஆனால் பிரயோக கணிதத்தில் சார்பு வேகம் (நகரும் ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றதன் வேகம்) வந்தாலே கை நின்றுவிடும். ஊரில் நல்ல வகுப்பு இல்லை, ஒன்லைன் வகுப்புக்குக் காசும் இல்லை. தமிழில் இலவசமாக எதைப் படிக்கலாம் அண்ணாமார்?

பதில் 1:
தம்பி, முதலில் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் வளநூல்களை இறக்குங்கள், தமிழிலேயே உண்டு, காசில்லை. அப்புறம் கடந்தகால வினாத்தாளைப் புள்ளியிடும் திட்டத்தோடு வைத்துச் செய்யுங்கள். விடை பிழைத்தாலும் விசைகளைச் சரியாகக் குறித்த படத்துக்கும் சமன்பாட்டுக்கும் புள்ளி விழும், இது தெரியாமல் நான் முதல் முறை பாதிக் கணக்கை வெட்டிவிட்டு வந்தேன்!

பதில் 2:
சார்பு வேகத்துக்கு அட்சரகணிதத்தில் இறங்காமல் வேக முக்கோணியை வரையுங்கள், படம் சரியென்றால் மிச்சம் சைன் விதிதான். ஒவ்வொரு தாளிலும் பகுதி அ-வில் 10 கேள்வியும் கட்டாயம், தலா 25 புள்ளி. பகுதி ஆ-வில் 7இல் 5 செய்தால் போதும், தலா 150. ஆகவே சார்பு வேகம் கடைசிவரை வராவிட்டாலும் உலகம் அழியாது. பிரயோகத் தாளில் 17ஆவது கேள்வி, நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும், அதைப் பலர் பயந்து தவிர்க்கிறார்கள், எனக்கு அதுதான் கை கொடுத்தது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. 17ஐ நான் திறந்தே பார்க்கவில்லை. இன்றிரவு ஒரு தாள் செய்துவிட்டு, மாட்டினால் படம் போடுகிறேன்.