பழைய சைக்கிளுக்குப் பெயிண்டு அடிச்சப்போ, பார்ட்ஸ் தேடுனப்போ நடந்தது: உங்க அனுபவம் சொல்லுங்க

நொய்யல்கரை (பெருந்துறை):

நானே ஆரம்பிச்சு வெக்கறேன். அப்பாரோட ராலே. ராடு பிரேக்கு, பின்னாடி மூணு கியர் ஹப்பு. ஹப்பு மேல ஏ.டபிள்யூ.ன்னு மாடல் பேரு குத்தியிருக்கு, பக்கத்துல 56, 3. 1956 மார்ச் மாசம் நாட்டிங்ஹாம்ல செஞ்ச ஹப்புன்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேமைப் பட்டறைல குடுத்துக் கோட்டம் பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. கறுப்புப் பெயிண்டுதான் பொரிஞ்சு பொரிஞ்சு உதிருது. கறுப்பச் சுரண்டிட்டுக் கறுப்பே அடிக்கறதுக்கு என்ன யோசனைன்னு பிரிக்க ஆரம்பிச்சேன்.

முன்னாடி ஹெட் குழாயில இருக்கற பேட்ஜை ரிவெட்டுத் தட்டி எடுத்தா, அடியில பச்சை. பேட்ஜ் எந்த அச்சோ அதே அச்சுல, வெயிலே படாத கரும்பச்சை. சுத்தியும் கறுப்பு. பேட்ஜைக் கழட்டாமயே எப்பவோ மேல கறுப்பு அடிச்சிருக்காங்க.

ஆத்தாவக் கூப்பிட்டுக் காட்டுனேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு, அந்தப் பச்சையக் கட்டைவெரல்ல தேச்சாங்க. வெரலைத் திருப்பிப் பாத்தாங்க, ஒண்ணும் ஒட்டலை. அப்பறம் எம்மொகத்தப் பாத்து, "கண்ணு, பட்டறைக்காரன் வண்டிய மாத்திக் குடுத்துட்டான், இது நம்முளுது இல்லை"ன்னுட்டாங்க. ஹேண்டில் பார்ல அப்பாரு பேரு வெட்டியிருக்கறதக் காட்டியும் நம்பலை. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பிரேம் பக்கமே வர்றதில்லை.

பெயிண்டர் எந்தக் கலர்னு கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டாரு. கம்பெனி அடிச்சது பச்சை. எங்கூட்டுல அத்தனை பேருக்கும் தெரிஞ்சது கறுப்பு.

பனியன்_ரோடு (திருப்பூர்):

கலரு எது வேணா அடிங்க. பவுடர் கோட்டிங்குக்கு மட்டும் குடுத்துராதீங்க, கையெடுத்துக் கும்புடறேன்.

என்னோடது ஹம்பர், ரெட்டைக் குழா போர்க்கு இருக்கற மாடல். கேட்டு, கிரில்லுக்கெல்லாம் கோட்டிங் பண்ற ஒரு எடத்துல குடுத்தேன். திரும்பி வந்தப்ப குழாய்க சேர்ற மூட்டு, அதான் லக்கு, அதுல கத்தி போட்ட விளிம்பெல்லாம் முங்கிப் போயி மொழுக்குன்னு கெடந்துச்சு. அதக்கூடத் தாங்கிக்கலாம். கிராங்கு மாட்டற கூட்டுக்குள்ள மரை பூராப் பவுடர் அடைச்சுக் கெடந்ததை மாட்டற பையன் பாக்கவே இல்லை. பால்ரஸ் உக்கார்ற கப்பு கோணலா ஏறிருச்சு. "தம்பி, வலதுபக்கம் எதிர் மரை, நிறுத்து"ங்கறதுக்குள்ள ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி ஒரே இழுப்பு. கிர்ர்ருன்னு ஒரு சத்தம். கூட்டுக்குள்ள இருந்து மரை சுருள் சுருளா வெளிய வருது. அத்தனை வருசம் தாங்குன இரும்பு. அந்தச் சுருளை நான் இன்னும் வெளிய போடலை, டப்பால வெச்சிருக்கேன்.

சிங்கை_லேத்து (கோயமுத்தூர்):

திருப்பூர்க்காரர் வருத்தம் புரியுது, ஆனா பவுடரத் திட்டறது நாயமில்லைங்க. மரைக்கும் பேரிங் உக்கார்ற எடத்துக்கும் ரப்பர் அடைப்பு வெக்காம அனுப்புனா அப்பிடித்தான் வரும். அடுப்புல வெச்சா பிரேம் வீணாப் போகும்னு சொல்றவங்களும் உண்டு. பவுடர் வேகறது 200 டிகிரி வாக்குல. லக்குல இருக்கற பித்தளைப் பத்த வெப்பு இளகறதுக்கு 800 டிகிரிக்கு மேல வேணும். பயமே வேண்டாம்.

எங்கதை சின்னதுதான். மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் ரட்ஜ் பிரேமு கொண்டாந்தாரு, செயின் சக்கரத்துல உள்ளங்கை வெட்டியிருக்குமே அந்த வண்டி. மரை கொஞ்சம் அடிபட்டிருக்குன்னு வேற ஒரு எடத்துல மரை வெட்டற டேப் விட்டிருக்காங்க. வெரலை உள்ள விட்டுத் தடவுனேன், மரை மேல மரை ஓடிக் கெடக்குது. ரட்ஜை ராலேகாரங்க 1943ல வாங்குன பொறகு வந்த பிரேமு அது. ராலே கூட்டுல இஞ்சுக்கு 26 மரை. மத்த இங்கிலீஷ் வண்டிக்கெல்லாம் 24. விட்டவர் 24ஐ விட்டுட்டாரு. பெரியவர் எதும் பேசாம பிரேமைத் தோள்ல போட்டுட்டு நடந்து போனாரு. கூப்புட்டுப் புது புஷ் அடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கலாம், வேற வேலைல இருந்தேன்.

அதனால நொய்யல்கரைக்குச் சொல்றேன். கப்பு ரெண்டும் தேஞ்சிருக்கான்னு பாருங்க, குழி விழுகலைன்னா அதையே போடுங்க. மார்க்கெட்ல கெடைக்கற நம்மூர் கப்பு 24 மரைக்குச் செஞ்சது, ராலேல ரெண்டு சுத்து ஏறும், அப்பறம் கடிக்கும். பால்ரஸ் மட்டும் புதுசு வாங்குங்க, பக்கத்துக்குப் பதினொண்ணு, கால் இஞ்சு. கிராங்கை அச்சோட புடிக்கற காட்டர் பின் ரெண்டும் எதிரெதிரா நிக்கோணும், ஒண்ணுல நட்டு மேல பாத்தா இன்னொண்ணுல கீழ பாக்கோணும். நட்டை முறுக்கி முறுக்கிப் பின்னை இழுக்காதீங்க, மரைதான் போகும். வைஸ்லயோ பிரஸ்லயோ அழுத்தி உக்கார வெச்சுட்டு அப்பறம் நட்டு. கியர் ஹப்புக்குள்ள கிரீஸ் அடைக்காதீங்க, ஆயில் மூடி வழியா மெல்லிசான எண்ணெய் கொஞ்சம். தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காண்ணெய், வெளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம், உள்ள பிசின் கட்டிக்கும், அப்பறம் கியர் விழுகாது. அந்த ஹப்புல நடு கியர்தான் நேர் ஓட்டம். மேல் கியர்ல சக்கரம் மூணுல ஒரு பங்கு கூடச் சுத்தும், கீழ் கியர்ல கால் பங்கு கொறையும். ஒழுங்கா எண்ணெய் விட்டா உங்க பேரனும் ஓட்டலாம்.

சங்ககிரி_அக்கா:

லேத்து அண்ணன் சொன்னதெல்லாம் குறிச்சு வெச்சுக்கிட்டேன். ஆனா நொய்யல்கரை கேட்டது கலரைப் பத்திங்கண்ணா.

எங்கம்மா நர்ஸா இருந்தப்ப ஓட்டுன லேடீஸ் ஹெர்குலிஸ், அம்பத்தூர்ல செஞ்சது. அரக்குக் கலரு. கலரு சுலுவாக் கெடைச்சுருச்சு, தங்க லைனுதான் கெடைக்கலை. ஸ்டிக்கர் ஒட்டிக் குடுக்கறேன்னாங்க, எனக்கு மனசு வரலை. லாரி பாடி கட்டற எடத்துல லைன் போடற பெரியவரு ஒருத்தர்கிட்ட எங்க வீட்டுக்காரரு கூட்டிட்டுப் போனாரு. வண்டியப் பாத்துட்டு, "இதுல பழைய லைன் எங்கயாச்சும் மிச்சமிருக்கா"ன்னாரு. செயின் கவருக்கு உள்பக்கம் ஒரு சாண் நீளம் இருந்துச்சு. அதுமேல நகத்த வெச்சு அகலம் பாத்தாரு.

அப்பறம் பிரஷ் எடுத்தாரு பாருங்க. மயிரு மட்டும் ரெண்டு இஞ்சு நீளம், அணில் முடின்னு சொன்னாரு. பெயிண்டுல தோச்சு ஒரு தகரத்துல ரெண்டு பக்கமும் இழுத்து இழுத்துப் பதம் பாத்தாரு. சுண்டுவெரலைக் குழாய்மேல ஊணி, மூச்சப் புடிச்சுக்கிட்டு, கைய ஆட்டாம ஒடம்போட பின்னால நடந்தாரு. கை நின்ன எடத்துலயே நிக்குது, ஆளு நகர்றாரு. டேப் ஒட்டலை, ஸ்கேல் வெக்கலை. குழாய் இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே லைன். ரெண்டாவது லைன் அதுக்குப் பக்கத்துல மயிரிழை கனத்துல. பட்டறைல வெல்டிங் பண்ணிட்டிருந்தவங்ககூட நிறுத்திட்டுப் பாத்தாங்க.

தம்பி, நீங்க பச்சை அடிச்சாலும் சரி, கறுப்பு அடிச்சாலும் சரி, லைனைக் கையில போடறவங்க இருக்கும்போதே போட்டுக்குங்க. அந்தப் பெரியவருகிட்ட கத்துக்க ஒரு பையனும் நிக்கலை. இந்த வேலையும் பவுடர் மேல நிக்காதாம், வழுக்கிரும்னு அவரே சொன்னாரு. திருப்பூர்த் தம்பி சொன்னதுல பாதி சரி.

அமராவதி_ஓரம் (தாராபுரம்):

எல்லாரும் என்ன கலர் அடிக்கறதுன்னே பேசறீங்க. எதுக்கு அடிக்கோணும்? கறுப்பும் நொய்யல்கரையோட அப்பாரு அடிச்சதாத்தானே இருக்கும்?

எங்கிட்ட இருக்கறது பிலிப்ஸ். துருவெடுக்க ஆக்ஸாலிக் ஆசிட் தண்ணியில கலந்து ஊற வெச்சேன். துரு தானாக் கழண்டு வருது, பெயிண்டுக்குச் சேதாரமில்லை. ஹெட் குழாயைக் கழுவ எடுத்தப்பதான் பாத்தேன், பேட்ஜுக்குக் கீழ சந்தனமும் குங்குமமும் பக்கு பக்காக் காஞ்சு ஒட்டியிருக்கு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அம்மா வெச்சது, பழசு மேலயே புதுசு. துணியக் கையில வெச்சுட்டு நின்னேன். தொடைக்க முடியலைங்க. அந்தக் குழாயை மட்டும் ஆசிட்ல முக்காம விட்டுட்டேன். வர்றவங்க எல்லாம் "இங்க மட்டும் ஏன் கழுவலை"ன்னு கேக்கறாங்க.

ஆசிட்டுக்குக் கையுறை கட்டாயம், மிச்சத் தண்ணிய தென்னைக்கு ஊத்தாதீங்க. முடிஞ்சதும் சோடா உப்புத் தண்ணியில அலசி, வெயில்ல காய வெச்சு, ஒடனே எண்ணெய் தடவோணும். இல்லைன்னா சாயங்காலத்துக்குள்ள மஞ்சளாத் துரு வந்துரும். புளி தேய்க்கறதெல்லாம் பித்தளைக்குச் சரி, நிக்கல் போன ஹேண்டில் பார்ல பத்தாது. நிக்கல் முலாம் ரொம்ப மெல்லிசு, முலாம் பட்டறைல பாலிஷ் கல்லுல புடிச்சா அப்பாரு பேரு வெட்டுனதெல்லாம் ஒட்டுக்காப் போயிரும். நொய்யல்கரை, ஹேண்டில் பாரை மட்டும் தயவுசெஞ்சு குடுத்துராதீங்க.

நொய்யல்கரை:

அந்தப் பேரைப் பத்தி எனக்குத் தோணவே இல்லைங்க. ஹேண்டில் பாரு அடுத்த வாரம் முலாமுக்குப் போறதா இருந்துச்சு. நிறுத்தியாச்சு.

பொள்ளாச்சி_மேற்கு:

என்னுது வளைஞ்ச ஹேண்டில் ரேஸ் வண்டி, வால்பாறை எஸ்டேட்ல ஓரமாக் கெடந்தது. சீட் குழாயில ரெய்னால்ட்ஸ் 531ன்னு ஸ்டிக்கர் இருந்துச்சு. அது லேசான இரும்புக் குழாய், 1935ல வந்தது, அதுக்காகத்தான் அந்த வண்டியவே எடுத்தேன். பெயிண்டர்கிட்ட ஸ்டிக்கர விட்டுட்டுத் தேய்க்கச் சொல்லிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா உப்புத்தாள் போட்டு வெள்ளையாக்கி வெச்சிருக்காரு. "அழுக்கா இருந்துச்சுங்க"ன்னாரு. அந்த மனுசன் நல்லவரு, நல்லா வேலை செய்யறவரு. இன்னும் அவருகூடச் சரியாப் பேச முடியலை.

பார்ட்ஸ் விசயத்துல ஒண்ணு: அது 27 இஞ்சு வீலு, ரிம்முல டயர் உக்கார்ற எடம் 630 மி.மீ. இப்ப வர்ற 700 வீலு 622. அந்த வீலை மாட்டுனா பிரேக் கட்டை 4 மி.மீ. கீழ எறங்கோணும். சிலது எறங்கும், என்னுது எறங்கலை.

தாராபுரத்துக்காரரு சொல்றாரே, அடிக்கவே வேண்டாம்னு. பெயிண்டு பொரிஞ்ச குழாய்ல துரு உள்ள ஓடும்ங்க. சாமான் காப்பாத்தறது முக்கியமா, கலரக் காப்பாத்தறது முக்கியமா?

அமராவதி_ஓரம்:

ரெண்டும்தான். பொரிஞ்ச எடத்த மட்டும் எடுத்துட்டு, மிச்சத்துல மெழுகு ஏத்துனா துரு ஓடாது. எங்கிட்ட வந்து பாருங்க.

நொய்யல்கரை:

நேத்து பெரியப்பா வந்தாரு. பச்சையப் பாத்ததும் சிரிச்சுட்டாரு. அப்ப எங்கூரு மணியகாரரு வண்டியும் பச்சையாம். சந்தையில ரெண்டும் ஒண்ணா நின்னா ஆளுக மாத்தித் தள்ளிட்டுப் போயிருவாங்கன்னு அப்பாரு கறுப்பு அடிச்சிருக்காரு. ஆத்தா கட்டிக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி நடந்தது. அவிங்களுக்குத் தெரிய நாயமில்லை.

கறுப்புத்தான் அடிக்கப் போறேன். பேட்ஜுக்கு அடியில இருக்கற பச்சைய மட்டும் டேப் ஒட்டி மறைச்சு அப்படியே விடச் சொல்லியாச்சு. லைனுக்குச் சங்ககிரி அக்கா சொன்ன பெரியவருகிட்ட வர்றேன், வழி மட்டும் சொல்லுங்க. பின் ரிம்மு ஒண்ணுதான் பாக்கி, துரு தின்னு ஓட்டையாகிப் போச்சு.

பனியன்_ரோடு:

கடைல கேக்கறப்ப 28க்கு ஒண்ணரைன்னு மட்டும் சொல்லாதீங்க, பின்னாடிக்கு 40 ஓட்டைன்னு சொல்லிக் கேளுங்க. முன்னாடிக்கு 32. ராடு பிரேக்குக்கு உள்பக்கம் கட்டை படற வெஸ்ட்வுட் ரிம்முதான் வேணும். எங்கிட்ட 40 ஓட்டை ஒண்ணு ஹம்பருக்கு வாங்கி சும்மா கெடக்குது, காசெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கெழமை ஊத்துக்குளி வழியா வந்தா எடுத்துக்கலாம், கெளம்பறப்ப ஒரு போன் பண்ணுங்க.